விடாமல் அரித்துப் பரவும் படர்தாமரையைக் குணப்படுத்துவது எப்படி?

கம்பம், கூடலூர், போடி ஆகிய ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும், தொடை இடுக்கிலும் இடுப்பைச் சுற்றியும் அக்குளிலும் மார்பின் அடியிலும் வட்டம் வட்டமாகத் தோன்றி அரித்துக்கொண்டே பரவும் தோல் நோயால் மாதக்கணக்கில் அவதிப்படுகிறார்கள். வெளியே சொல்லக் கூச்சப்படும் இடங்களில் இது வருவதால், மருத்துவரிடம் காட்டாமல் மருந்துக்கடையில் அரிப்புக்கு ஒரு களிம்பு கேட்டு வாங்கிப் பூசுகிறார்கள். நான்கு நாளில் அடங்குகிறது, பூசுவதை நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாக வருகிறது. இந்த நோய் விடாமல் இருப்பதற்கு உடலோ தலைவிதியோ காரணமன்று. பெரும்பாலும் அந்தக் களிம்பே காரணம். ஆகவே இந்த வழிகாட்டியும் அதிலிருந்தே தொடங்குகிறது.

கையிலிருக்கும் களிம்பைப் படித்துப் பாருங்கள்

களிம்புக் குழாயின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர்களைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையைக் கொண்டாவது ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. அதே குழாயில் மைக்கோனசோல், குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சைக்கொல்லியும், நியோமைசின், ஜென்டாமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லியும் சேர்ந்திருக்கலாம். மூன்றும் இருப்பதால் எல்லா நோய்க்கும் ஆகும் என்று நினைத்து வாங்குவதும் விற்பதும்தான் இங்கே நடந்து வரும் பெரிய கேடு.

படர்தாமரை என்பது பூஞ்சைக் கிருமியால் வருவது. தோலின் மேலடுக்கிலும் முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தைத் தின்று அது வளர்கிறது. அதை எதிர்த்து உடல் போராடுவதால்தான் சிவப்பும் அரிப்பும் உண்டாகின்றன. ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை அடக்கிவிடுகிறது. அரிப்பு நிற்கிறது, சிவப்பு மங்குகிறது, ஆனால் தடுப்பார் இல்லாத பூஞ்சை அடியில் தாராளமாகப் பரவுகிறது. நாளடைவில் வட்டத்தின் தெளிவான விளிம்பு கலைந்து, வட்டத்துக்குள் வட்டமாகவோ உருவமற்ற கருஞ்சிவப்புத் திட்டாகவோ மாறிவிடுவதால், தேர்ந்த மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினமாகிறது. தோல் மெலிந்து, தொடையிலும் அக்குளிலும் கர்ப்பகாலக் கோடுகளைப் போன்ற வரிகள் விழுகின்றன. அந்த வரிகள் முழுமையாக மறைவதில்லை. இக்காரணங்களால்தான் 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு இத்தகைய பல ஸ்டீராய்டு களிம்புகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகளின் அட்டவணையில் சேர்த்தது. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்பும் மலைக்கு மேலும் கீழும் அவை கேட்டவுடன் கிடைப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அரிப்புக்குப் போடும் ஊசியிலும் கவனம் தேவை. போட்ட அன்றே அரிப்பு மாயமாக நின்றுவிட்டால், அது ஸ்டீராய்டு ஊசியாக இருக்கக்கூடும். என்ன ஊசி என்று கேட்பதற்கு நோயாளிக்கு முழு உரிமை உண்டு. ஆனால் ஒன்றையும் மறந்துவிடக் கூடாது: கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் ஸ்டீராய்டு முறையான மருந்தே. தோல் மருத்துவர் பரிசோதித்து எழுதித் தந்ததை இதைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் உட்கொண்டவர்கள் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். மருத்துவர் சொல்லும் முறைப்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இது படர்தாமரைதானா என்று அறிதல்

படர்தாமரையின் விளிம்பு சற்றே தடித்து, செதில் உதிர்ந்து, சிறு கொப்புளங்களோடு வெளிநோக்கி நகரும். நடுப்பகுதி ஓரளவு தெளிந்திருக்கும். வியர்வை தேங்கும் மடிப்புகளிலும் துணி இறுகும் இடங்களிலும்தான் அதிகமாக வரும். ஆனால் அரித்துப் பரவுவதெல்லாம் படர்தாமரை அன்று. லயங்கள் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் அதற்கு அடுத்தபடியாக முதலில் சந்தேகிக்க வேண்டியது சிரங்கு.

சிரங்கு, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிற்றுண்ணி தோலைக் குடைந்து முட்டையிடுவதால் வருவது. இரவில் படுத்தபின் அரிப்பு தாங்க முடியாமல் இருப்பது, விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் சிறு பருக்கள் தோன்றுவது, வீட்டில் ஒருவருக்கு மேல் சொறிவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் சிரங்கே. அதற்குப் பூஞ்சை மருந்து சிறிதும் பயன்படாது. பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கும் நக அடியும் விடாமல், இரவில் பூசிக் காலையில் குளிக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை பூச வேண்டும். அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டிலுள்ள அனைவரும் ஒரே இரவில் பூசிக்கொள்ள வேண்டும் என்பது இதில் விலக்கில்லாத விதி. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேட்டே பூச வேண்டும். சிற்றுண்ணி மனித உடலை விட்டு இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் பொதுவாகப் பிழைப்பதில்லை. ஆகவே வெந்நீரில் துவைக்க முடியாத கம்பளியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால் போதும். மருந்து வேலை செய்த பின்பும் அரிப்பு சில வாரங்கள் நீடிக்கலாம். அதைக் கண்டு தினமும் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

கம்பூட்ஸ் எனப்படும் நீண்ட ரப்பர் காலணியின் மேல்விளிம்பு உரசும் கெண்டைக்காலில் மட்டும், அல்லது மருந்தடித்த செடியில் பட்ட முன்கையில் மட்டும் வந்திருந்தால், அது ஒவ்வாமையாகவோ பூச்சிமருந்தின் எரிச்சலாகவோ இருக்கலாம். முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களில் வெள்ளிநிறச் செதில் தடித்துக் கிடந்தால் சொரியாசிஸ் எனச் சந்தேகிக்கலாம். அரிப்பே இல்லாமல், தொட்டால் உணர்ச்சியும் குறைந்த வெளிர்ந்த அல்லது செந்நிறத் திட்டு இருந்தால் தாமதிக்கக் கூடாது. அது தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். அதற்குரிய கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது, முழுமையாகக் குணமாகும்.

ஐயத்தைத் தீர்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. திட்டின் விளிம்பிலிருந்து செதிலைச் சுரண்டியெடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், பூஞ்சையின் கிளைத்த இழைகள் தெரியும். வலியில்லை, செலவும் குறைவு. பல மாதமாக விடாத நோய்க்கு இந்தச் சோதனை இல்லாமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவது பணத்தையும் நாளையும் வீணாக்குவதாகும். சோதனைக்கு முன்னர்ப் பூஞ்சைக்கொல்லி பூசியிருந்தால் இழை தெரியாமல் போகலாம் என்பதால், கடைசியாக எப்போது எதைப் பூசினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மருத்துவரிடம் செல்லும்போது

மலைக்கு மேலே வேலை, மலைக்குக் கீழே வீடு என்று வாழ்பவர்களின் மருத்துவமும் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. குமுளியில் ஒருவர் தொடங்கிய மாத்திரையைக் கம்பத்தில் வேறொருவர் மாற்றுகிறார். இருவருக்கும் மற்றவர் எழுதியது தெரியாது. ஆகவே இதுவரை பூசிய குழாய்கள், விழுங்கிய மாத்திரை அட்டைகள், இரு மாநிலத்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். காலியான குழாயும் பயன்படும். யாராவது ஒருவரிடமே இறுதிவரை தொடருங்கள். கீழே இருப்பவர்களுக்கு க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவு உண்டு. லயத்தில் தங்கியிருப்பவர்கள் அருகிலுள்ள குடும்பாரோக்கிய கேந்திரத்தில் (கேரள அரசின் ஆரம்ப சுகாதார நிலையம்) காட்டி, அங்கிருந்து பரிந்துரை பெற்றுப் பெரிய மருத்துவமனைக்குச் செல்லலாம்.

பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கையிலுள்ள ஒரு திட்டை மட்டும் காட்டிவிட்டுத் தொடையில் உள்ளதை மறைப்பதால், நோயின் பரப்பைக் குறைவாக மதிப்பிட்டு, மாத்திரை தேவைப்படும் இடத்தில் வெறும் களிம்பு தர நேரிடுகிறது. கர்ப்பம், பால் கொடுத்தல், கல்லீரல் நோய், இதய நோய், தினமும் உட்கொள்ளும் வேறு மாத்திரைகள் ஆகியவற்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். அடிக்கடி பூஞ்சை நோய் வருபவர்கள் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வதும் நல்லது.

மருந்தைப் பயன்படுத்தும் முறை

ஓரிரு சிறு திட்டுகள் மட்டுமே இருந்து, ஸ்டீராய்டு படாமலும் இருந்தால், குளோட்ரிமசோல், லூலிகோனசோல், டெர்பினாஃபின் போன்ற தனிப் பூஞ்சைக்கொல்லிக் களிம்பே போதுமானதாக இருக்கும். குளித்து நன்றாகத் துடைத்து, ஈரம் உலர்ந்த பிறகு, திட்டுக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலிலிருந்து தொடங்கி உள்நோக்கிப் பூச வேண்டும். ஏனெனில் கண்ணுக்குத் தெரியும் விளிம்பைத் தாண்டிப் பூஞ்சை ஏற்கெனவே சென்றிருக்கும். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கும் களிம்பு, இரண்டு உள்ளங்கை அளவுப் பரப்புக்குச் சரியாக இருக்கும். அதைவிடக் குறைத்துப் பூசினால் பயன் குறையும். பூசியபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.

நோய் பல இடங்களில் பரவியிருந்தாலும், ஸ்டீராய்டு பூசிக் கெடுத்திருந்தாலும், தலையிலோ நகத்திலோ வந்திருந்தாலும் மாத்திரை தேவைப்படும். முன்பு இரண்டு வாரத்தில் கேட்ட நோய் இப்போது கேட்பதில்லை என்று மூத்தவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. இந்தியாவில் இன்று பரவலாகக் காணப்படும் பூஞ்சை இனத்துக்கு 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். அதன் ஒரு நொதிக்கான மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால், நெடுங்காலம் கைகொடுத்த டெர்பினாஃபின் பலருக்கு வேலை செய்வதில்லை. 2023-இல் அமெரிக்காவிலும் இது கண்டறியப்பட்டது. இதனால் மருத்துவர்கள் இட்ராகோனசோல் என்னும் மருந்தை இப்போது அதிகமாக எழுதுகிறார்கள், நான்கு வாரமோ அதற்கு மேலோ.

இட்ராகோனசோல் மாத்திரையை வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் விழுங்க வேண்டும். அது உடலில் சேர வயிற்றில் அமிலம் தேவை. விடியற்காலையில் வெறும் டீயோடு விழுங்கிவிட்டு ஜீப் ஏறுபவர்களுக்கும், அல்சருக்காகப் பான்டோபிரசோல் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது சரியாகச் சேர்வதில்லை. தோட்டத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பின்னரோ, வீடு திரும்பி இரவு உணவுக்குப் பின்னரோ எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டு நேரத்தை நிர்ணயித்துக்கொள்ளுங்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு இது ஆகாது. கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளோடும், இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்தோடும் சேர்ந்தால் தீங்கு செய்யும். கண் மஞ்சளாதல், சிறுநீர் கருத்து வருதல், கடும் களைப்பு, மூச்சுத் திணறல், கால் வீக்கம் ஆகியவை கண்டால் நிறுத்திவிட்டு உடனே காட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரையை வாங்கி விழுங்குவது எவ்வளவு ஆபத்தானது என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஸ்டீராய்டு களிம்பை நிறுத்திய முதல் சில நாட்களில், சிலருக்குச் சில வாரங்கள் வரைகூட, அரிப்பும் சிவப்பும் பெருகும். சரியான சிகிச்சை தொடங்கியும் நோய் கூடிவிட்டதே என்று பழைய குழாயைத் தேடிப்போவது இந்தக் கட்டத்தில்தான். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒத்திப் பின்பு உலர்த்துவதும், மருத்துவர் தரும் செட்டிரிசின் வகை மாத்திரையை இரவில் எடுப்பதும் இதைக் கடக்க உதவும். அந்த மாத்திரை தூக்கம் தரும் என்பதால், ஜீப் ஓட்டுபவர்கள் அதை விழுங்கிவிட்டு மலைப்பாதையில் வண்டி எடுக்கவே கூடாது.

அரிப்பு நின்றுவிட்டது என்பதற்காக மருந்தை நிறுத்த வேண்டாம். திட்டு முழுவதும் மறைந்த பின்பும் களிம்பை இன்னும் இரண்டு வாரம் தொடர வேண்டும். மறுபடி மறுபடி வருகிறது என்று சொல்பவர்களில் பலருக்கு அது புதிதாக வந்ததன்று. முழுமையாகப் போகாமல் இருந்து தலைதூக்கியதுதான்.

ஈரமும் துணியும் வீட்டாரும்

தென்மேற்குப் பருவமழையில் மலையில் எதுவுமே உலர்வதில்லை. காய் எடுப்பும் மழையோடு மழையாகத் தொடங்கிவிடும். நனைந்த சேலைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் பிளாஸ்டிக் தாள், காலில் கம்பூட்ஸ் என்று நாள் முழுவதும் செடியடியில் குந்தியிருந்து காய் எடுத்துவிட்டு, அதே ஈரத்தோடு நெருக்கியடித்து ஜீப்பில் திரும்பும்போது, பூஞ்சைக்கு வேண்டிய வெப்பம், ஈரம், உரசல், பிறர் உடல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன. ஜீப் ஏறுவதற்கு முன் உள்ளாடையையும் உள்பாவாடையையும் மட்டுமாவது மாற்றிக்கொள்ள முடிந்தால் பாதி வெற்றி. பெண்கள் உடை மாற்றுவதற்குத் தோட்டத்தில் ஒரு மறைவான அறை வேண்டும். இதைக் கங்காணியிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும், இது சலுகையன்று.

கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி என்பது நமக்கு ஒரு வரம். மேலே மழை கொட்டும் நாளிலும் கீழே மாடியில் வெயில் கிடைக்கும். வாரம் ஒருமுறை வீடு திரும்புபவர்கள் துணிகளைக் கீழே கொண்டுவந்து, நோயுள்ளவர் துணியைத் தனியாக வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி வெயிலில் போட வேண்டும். லயத்திலேயே இருப்பவர்கள் சூடான இஸ்திரிப் பெட்டியால், குறிப்பாகத் தையல் மடிப்பிலும் இடுப்புப் பட்டையிலும் அழுத்தித் தேய்க்கலாம். பூஞ்சை விதைகள் துணியில் பல மாதம் உயிரோடு இருக்கக்கூடியவை.

இடுப்பில் கட்டியிருக்கும் அரைஞாண் கயிற்றையும், மணிக்கட்டிலும் காலிலும் கட்டியிருக்கும் கறுப்புக் கயிற்றையும் நோய் தீரும் வரை கழற்றி வையுங்கள். வியர்வையில் ஊறிய கயிறு பூஞ்சைக்கு நிரந்தர இருப்பிடம். வேண்டுதலுக்காகக் கட்டியது என்றால், குணமான பின் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். உள்பாவாடை நாடாவைத் தினமும் ஒரே தடத்தில் இறுக்காமல் சற்று மேலும் கீழும் மாற்றிக் கட்டுங்கள். துண்டு, சோப்பு, சீப்பு, போர்வை ஆகியவை ஒவ்வொருவருக்கும் தனியாக இருக்க வேண்டும். இறுக்கமான ஜீன்ஸையும் லெகிங்ஸையும் இக்காலத்தில் தவிர்த்துவிடுங்கள்.

கணவனுக்குக் குணமாகி மனைவிக்கு இருந்தால், அல்லது பேரப்பிள்ளையின் தலையில் முடி உதிர்ந்து செதில் படிந்த திட்டு கவனிக்கப்படாமல் இருந்தால், நோய் வீட்டுக்குள்ளேயே சுற்றி வரும். வீட்டிலுள்ள அனைவரையும் ஒரே நாளில் காட்டி, நோயுள்ள அனைவருக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை தொடங்க வேண்டும். கன்றின் கண்ணைச் சுற்றிச் சாம்பல் நிறப் பொருக்கு இருந்தாலோ, நாய் பூனைகளுக்குத் திட்டுத் திட்டாக முடி உதிர்ந்திருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பூசக் கூடாதவை

வண்டுகொல்லி என்னும் சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசும் வழக்கம் இங்கே பழமையானது; அந்த இலைக்குப் பூஞ்சையை எதிர்க்கும் தன்மையும் உண்டு. சிறு திட்டுக்கு அதைப் பூசுபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பரவிவிட்ட நோய்க்கு அதை நம்பி மாதங்களைக் கழிக்க வேண்டாம். எருக்கம்பால், முந்திரிக்கொட்டை எண்ணெய், அரைத்த பூண்டு, மண்ணெண்ணெய், பிளீச்சிங் பவுடர் ஆகியவை தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். எலுமிச்சைச் சாறு பூசிய தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கருக்கும். தேங்காய் எண்ணெய் வறண்ட தோலுக்கு நல்லது. தொடை இடுக்கில் படர்தாமரையின் மேல் தடவினால் ஈரத்தை அடைத்து வைத்து நோயை வளர்க்கும்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

சொறிந்த இடம் சூடாகி வீங்கி வலியோடு சிவந்து பரவுவது, சீழ் பிடிப்பது, காய்ச்சல் வருவது ஆகியவை பாக்டீரியா தொற்றின் அறிகுறிகள். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். புதிய மாத்திரை தொடங்கிய பின் வாயிலோ கண்ணிலோ புண் வந்தாலும், தோல் கொப்புளித்து உரிந்தாலும், முகம் வீங்கி மூச்சு முட்டினாலும் 108-ஐ அழையுங்கள். அந்த எண் தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் வேலை செய்யும்.

குணமான பின்பு

படர்தாமரை இருந்த இடத்தில் கரும்பழுப்புத் தடம் சில மாதங்கள் தங்கும். விளிம்பில் தடிப்பும் செதிலும் அரிப்பும் இல்லையென்றால் அது வெறும் நிறமாற்றமே. தானாக மங்கும், மருந்து வேண்டியதில்லை. அதைப் போக்குவதற்காக விற்கும் வெளுப்புக் களிம்புகளில் சிலவற்றில் அதே ஸ்டீராய்டுகள் இருப்பதால், அவற்றின் குழாயையும் பின்புறம் திருப்பிப் படித்துவிடுங்கள். முறையாக முழுக் காலமும் மருந்து எடுத்தும் திட்டு மறையவில்லை என்றால் கடையில் வேறு பெயர் கேட்காமல், அதே மருத்துவரிடம் திரும்பிச் சென்று, செதிலை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள்.